பூனாவில் விடைபெற்றவர்கள்

1883ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், மகாராஷ்டிர தேசத்துச் சித்பாவன பிராமண குலத்தில் பிறந்த இரண்டு இளம்பெண்கள், ஒருவர் கல்கத்தாத் துறைமுகத்திலிருந்தும் மற்றவர் பம்பாய்த் துறைமுகத்திலிருந்தும், கடல் கடந்து சென்றார்கள். ஒருவர் பதினெட்டு வயது நிரம்பிய ஆனந்திபாய் ஜோஷி. மற்றவர் இருபத்தைந்து வயதை எட்டிக்கொண்டிருந்த பண்டித ரமாபாய். இருவரும் ஒருவருக்கொருவர் தூரத்து உறவினர். இருவரும் புறப்பட்டதற்குச் சொன்ன காரணமும் ஏறத்தாழ ஒன்றே: நம் நாட்டு ஸ்திரீகளுக்குத் தொண்டு செய்வதற்கான தகுதியை, அதிலும் முக்கியமாக வைத்தியக் கல்வியை, அந்நிய நாட்டில் பெற்றுத் திரும்புவது. இவ்விருவருடைய சரித்திரமும் பூனா நகரத்தில் வந்து கூடுகிறது. பிறகு அந்நகரத்திலேயே இரண்டு வேறு வழிகளாகப் பிரிந்தும் போகிறது. பூனா என்று அக்காலத்தவர் அழைத்ததும் புனே என்று இன்று நாம் எழுதுவதுமான அந்தப் பேஷ்வாக்களின் தலைநகரம், தன்னை விட்டுச் செல்பவர்களுக்கு எவ்வாறு விடைகொடுத்தது, எதைக் கேட்டு விடைகொடுத்தது என்பதைச் சற்று நிதானமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரிவைப் பற்றி நம் தமிழ் நூல்கள் பேசியிருப்பது கொஞ்சமன்று. பொருள் தேடப் புறப்படும் தலைவன் தலைவியின் முகம் வாடக் கண்டு வாயிற்படியிலேயே தயங்கி நிற்பதை ஒரு தனித் துறையாகவே வகுத்து, அதற்குச் செலவழுங்குதல் என்று பெயரும் இட்டவர்கள் நம் முன்னோர். ஆனால் அந்த இலக்கணத்தில் புறப்படுபவன் எப்போதும் ஆண்மகனே. கடல்வழிப் பிரயாணம் மகளிரோடு நிகழ்வதில்லை என்று உரையாசிரியர்கள் பொருள் கண்ட ஒரு சூத்திரம் தொல்காப்பியத்து அகத்திணையியலில் உண்டு. வடமொழித் தர்ம சாஸ்திரங்களோ இன்னும் ஒரு படி மேலே சென்று, கலியுகத்தில் விலக்க வேண்டியவை இவையென்று தொகுத்த பட்டியலில் துவிஜர்களின் சமுத்திர யாத்திரையையும் சேர்த்துவிட்டன. எனவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஓர் உயர்குலப் பெண் கப்பலேற நினைத்தால், அவள் விடைபெற வேண்டியது தாய், தந்தை, கணவன் ஆகிய மூவரிடம் மாத்திரமன்று. ஜாதி முழுவதனிடமும், மடாதிபதிகளிடமும், பத்திராதிபர்களிடமும், தெருவில் கூடி நிற்கும் முகமறியாத ஜனங்களிடமும் அவள் விடை கேட்க வேண்டியிருந்தது.

ஆனந்திபாயின் விடைபெறுதல் இவ்வாறுதான் நிகழ்ந்தது. 1865ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் தேதி பிறந்த அவர், ஒன்பதாம் வயதில், தம்மைவிட ஏறத்தாழ இருபது வயது மூத்தவரும் மனைவியை இழந்தவருமான கோபால்ராவ் ஜோஷிக்கு மணம் செய்விக்கப்பட்டார். கோபால்ராவ் தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர்; மனைவியைப் படிக்கவைத்தே தீருவது என்ற பிடிவாதம் உடையவர்; அப்பிடிவாதம் பல வேளைகளில் கொடுமையாகவும் முடிந்ததென்று அவர்களுடைய வாழ்க்கையை எழுதியவர்கள் மறைக்காமல் குறித்திருக்கிறார்கள். பதினான்காம் வயதில் ஆனந்திபாய் ஓர் ஆண் குழந்தையைப் பெற்றெடுத்தார். தக்க வைத்திய உதவி இன்றி அக்குழந்தை பத்து நாட்களில் இறந்தது. அவருடைய வைத்தியக் கல்வி நாட்டம் அந்தத் துக்கத்தில் வேரூன்றியது. கோபால்ராவ் ஓர் அமெரிக்கப் பாதிரியாருக்கு எழுதிய கடிதம் அங்கே ஒரு மிஷன் பத்திரிகையில் அச்சாயிற்று. நியூஜெர்ஸி மாகாணத்து ரோஸெல் என்னும் ஊரில் வசித்த தியோடீஷியா கார்ப்பென்டர் என்ற மாது, பல் வைத்தியர் ஒருவர் வீட்டில் காத்திருந்தபோது தற்செயலாக அதைப் படித்து மனம் இளகி, முன்பின் அறியாத அந்தச் சிறுபெண்ணுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். கண்ணால் காணாமலே தாயும் மகளும் போன்ற பாசம் அவ்விருவரிடையே வளர்ந்தது.

பிறகு கோபால்ராவுக்கு வங்காளத்து ஸெராம்பூருக்கு மாற்றம் வந்தது. மனைவி தனியாக அமெரிக்கா செல்லப்போகிறாள் என்ற செய்தி பரவியவுடன், அவர் வேலை பார்த்த தபால் நிலையம் வரைக்கும் ஏச்சும் பரிகாசமும் வந்து சேர்ந்தன. அந்த எதிர்ப்புக்கு ஆனந்திபாய் மறைந்து ஓடாமல் முகம் கொடுத்தார். 1883 பிப்ரவரி 24ஆம் தேதி ஸெராம்பூர்க் கல்லூரியின் மண்டபத்தில், ஆங்கிலத்தில், ஒரு பிரசங்கம் செய்தார். ஏன் போகிறேன், இந்நாட்டிலேயே படிக்க வழியில்லையா, ஏன் தனியே போகிறேன், திரும்பி வரும்போது ஜாதியினின்று விலக்கமாட்டார்களா, போன இடத்தில் துன்பம் நேர்ந்தால் என்ன செய்வேன், இதுவரை வேறெந்தப் பெண்ணும் செய்யாததை நான் ஏன் செய்யவேண்டும் என்று ஊரார் கேட்ட ஆறு கேள்விகளையும் தாமே எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் மறுமொழி கூறினார். கணவனுக்கு வயோதிகத் தாயாரும் இளைய சகோதரர்களும் இருப்பதால் அவர்களைக் காப்பாற்ற அவர் இங்கே இருக்கவேண்டும், ஆகவே தனியே செல்கிறேன் என்று சொன்னபோது அவர் குரலில் தன்னிரக்கம் இல்லை. ஜாதியைப் பற்றிய கேள்விக்கு அவர் தந்த விடையே முக்கியமானது. ஹிந்துவாகவே செல்வேன், ஹிந்துவாகவே திரும்பி வந்து ஹிந்துவாகவே வாழ்வேன், உடையையும் ஆகாரத்தையும் மாற்றமாட்டேன் என்று அவர் அந்தச் சபையில் பிரதிக்ஞை செய்தார்.

சம்பிரதாயமான பிரிவுபசாரக் கூட்டங்களில் புறப்படுபவருக்கு மாலையிட்டு மங்கள வார்த்தை சொல்வார்கள்; இங்கே புறப்படுபவரே கூண்டில் நின்று சாட்சியம் சொல்வது போலத் தம்முடைய பிரயாணத்துக்கு நியாயம் கற்பிக்க நேர்ந்தது. பதினெட்டு வயதுகூட நிரம்பாத பெண் ஒருத்தி, தன் குழந்தையைப் பறிகொடுத்த துக்கத்தை உள்ளே வைத்துக்கொண்டு, சிறிதும் தடுமாறாமல் அப்படிப் பேசினாள் என்பதை நினைக்கும்போது என் நெஞ்சு அவளை வணங்குகிறது. நகைகளை விற்ற பணம் கப்பல் கட்டணத்துக்கு உதவிற்று. ஏப்ரல் 7ஆம் தேதி, அமெரிக்க மிஷனரிப் பெண்களின் துணையோடு, கோபால்ராவைக் கரையில் விட்டுவிட்டு அவர் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டார். ஜூன் 4ஆம் தேதி நியூயார்க்கில் இறங்கியபோது அவரை எதிர்கொண்டு அழைத்துச் செல்லத் தியோடீஷியா கார்ப்பென்டர் வந்து நின்றார்.

ரமாபாயின் நிலை முற்றிலும் வேறு. அவருக்கு விடைகொடுக்க உற்றார் என்று எவருமே மிஞ்சியிருக்கவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் கங்காமூலம் என்ற காட்டிடத்தில் 1858ஆம் ஆண்டு பிறந்த அவர், மனைவிக்கும் மகளுக்கும் ஸமஸ்கிருதம் கற்பித்த குற்றத்துக்காக ஊராரின் பகையைத் தேடிக்கொண்ட அனந்த சாஸ்திரி டோங்ரே என்ற மகாபண்டிதரின் கடைக்குட்டி. புராணம் சொல்லிக்கொண்டு க்ஷேத்திரம் க்ஷேத்திரமாக நடந்த அக்குடும்பத்தை, 1870களில் தென்னாட்டைச் சூறையாடிய பஞ்சம் தின்றது. தந்தையும் தாயும் சில மாத இடைவெளியில் மாண்டார்கள். பிறகு தமக்கை மாண்டாள். எஞ்சிய தமையனோடு கால்நடையாகவே நாடு முழுவதும் அலைந்து 1878இல் கல்கத்தாவை அடைந்தபோது, அங்கேயிருந்த பண்டிதர்கள் அவருடைய வித்வத்தைக் கண்டு வியந்து பண்டிதை என்றும் ஸரஸ்வதி என்றும் பட்டம் சூட்டினார்கள். 1880இல் தமையனும் காலமானார். அவ்வாண்டே ஒரு வங்காள வக்கீலை ஜாதி பாராது மணந்தார். 1882 பிப்ரவரியில் வாந்திபேதி கணவரையும் கொண்டுபோயிற்று. மனோரமா என்ற கைக்குழந்தையோடு பூனாவுக்கு வந்து சேர்ந்தபோது ரமாபாய்க்கு இருபத்து நான்கு வயது.

பூனா அவரை வரவேற்றது என்றே சொல்லவேண்டும். மகாதேவ கோவிந்த ரானடே முதலிய சீர்திருத்தக்காரர்கள் அவரைத் தங்கள் வீடுகளில் புராணம் சொல்ல அழைத்தார்கள். ரானடேயின் மனைவி ரமாபாய் ரானடே தமது சுயசரிதையில் அந்நாட்களை அன்போடு நினைவுகூர்ந்திருக்கிறார். பண்டித ரமாபாயின் முயற்சியால் 1882இல் ஆரிய மகிளா ஸமாஜம் தோன்றிற்று. அவர் எழுதிய ஸ்திரீ தர்ம நீதி என்ற மராத்தி நூல் வெளிவந்தது. ஹண்டர் கல்விக் கமிஷன் பூனாவில் கூடியபோது அதன் முன் தோன்றி, நம் பெண்கள் ஆண் வைத்தியரிடம் நோயைச் சொல்லக் கூசி மடிகிறார்கள், ஆதலால் பெண் வைத்தியர்கள் வேண்டும் என்று அவர் சாட்சியம் அளித்தார். அந்த எண்ணம் அவரையே வைத்தியம் கற்கத் தூண்டிற்று. அதற்கு ஆங்கிலம் வேண்டும். ஆங்கிலத்தைக் கற்பிக்க ஓர் ஆங்கில மாது பூனாவில் கிடைத்தார். அவர் மூலமாகவும் பிறர் மூலமாகவும் பூனாவில் இருந்த ஒரு கிறிஸ்தவ சகோதரிகள் மடத்தோடு பழக்கம் உண்டாயிற்று.

அந்தச் சகோதரிகளைப் பற்றி இங்கே சொல்லாமல் போவது நியாயமாகாது. ஏனெனில் பிரிவுத் துயரம் ஒரு கரைக்கு மாத்திரம் உரியதன்று. இங்கிலாந்தில் அக்காலத்தில் பெர்க்ஷயர்ப் பகுதியைச் சேர்ந்திருந்த வாண்டேஜ் என்ற சிற்றூரில், அவ்வூர்ப் பாதிரியாரான வில்லியம் ஜான் பட்லர் 1848இல் நிறுவிய கன்னி மரியாள் சகோதரிகள் சபை, 1877இல் தன் உறுப்பினர் சிலரைப் பூனாவுக்கு அனுப்பியது. நகரத்தின் பழைய பகுதியில் ஐந்து நீர்த்தொட்டிகள் இருந்த காரணத்தால் பஞ்ச ஹெளத் என்று வழங்கிய இடத்தில் அவர்களுடைய மிஷன் வேரூன்றியது. இங்கிலாந்தின் மிஷன் சங்கங்களிலே, கடல் கடந்து ஊழியம் செய்யப் போகிறவர்களுக்கு விடையளிப்புக் கூட்டம் ஒன்று நடத்தி, வேதவாசகம் படித்து, பெரியோர் ஒருவர் புத்திமதி சொல்லி வழியனுப்புவது நெடுநாளைய ஆசாரம். ஸூயஸ் கால்வாய் 1869இல் திறக்கப்படுவதற்கு முன், நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பாய்க்கப்பலில் மாதக்கணக்காக வந்த தலைமுறைக்கு, அந்தக் கூட்டம் பெரும்பாலும் இம்மையில் கடைசிச் சந்திப்பாகவே முடிந்தது. ஸூயஸ் கால்வாயும் நீராவிக் கப்பலும் தூரத்தைச் சுருக்கின. 1863இல் போர்காட் மலைச்சரிவிலே ரயில்பாதை முற்றுப்பெற்றபின், பம்பாயில் இறங்கியவர் சில மணி நேரத்தில் பூனாவை அடைந்தார். ஆனால் பிரிவின் கனம் தூரத்தின் அளவை மாத்திரம் பொறுத்ததா? இந்தியாவில் ஊழியம் செய்த ஆங்கிலேயத் தம்பதிகள் தங்கள் குழந்தைகளை ஆறேழு வயதிலேயே தாய்நாட்டுக்கு அனுப்பிவிடுவது வழக்கமாயிருந்தது. அத்தகைய பெண்குழந்தைகளுக்காக 1838இல் வால்தம்ஸ்டோவில் ஒரு பள்ளியும், ஆண்குழந்தைகளுக்காக 1842இல் மற்றொரு பள்ளியும் ஏற்படுத்தவேண்டிய அளவுக்கு அப்பிரிவு நித்திய நிகழ்ச்சியாயிருந்தது. தம்முடைய குழந்தைகளைப் பிரிந்துகொண்டு பிறருடைய குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்க வந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய மதப் பிரசாரத்தை ஒப்பாதவரும் அந்தத் தியாகத்தை மறுக்க இயலாது.

பூனாவில் வாழ்ந்த நீலகண்ட சாஸ்திரி கோரே, அதாவது பாதிரியார் நெஹெமையா கோரே, இந்தக் கதையில் தனியே குறிக்கத்தக்கவர். காசியில் பண்டிதராய் விளங்கி, 1848இல் கிறிஸ்தவரான அவர், மனைவியை இளமையிலேயே இழந்தவர். கைக்குழந்தையாயிருந்த அவருடைய மகள் லக்ஷ்மி பிறரால் வளர்க்கப்பட்டு இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டாள். எல்லன் லக்ஷ்மி கோரே என்ற பெயருடன் 1880இல் இந்தியாவுக்கே ஊழியம் செய்யத் திரும்பி வந்தாள். தந்தை ஒரு நாட்டிலும் மகள் ஒரு நாட்டிலுமாக அவள் இளமை கழிந்தது. இத்தகைய மனிதரின் எழுத்துக்களும் வாதங்களும்தாம் ரமாபாயின் புத்தியைக் கிறிஸ்தவத்தின் பக்கம் திருப்பின என்று அவரே பிற்காலத்தில் எழுதினார்.

ரமாபாய் இங்கிலாந்து செல்லப்போகிறார் என்று தெரிந்ததும் பூனாவின் சீர்திருத்த நண்பர்கள் கலங்கினார்கள். இவர் மதம் மாறிவிடுவார் என்பதே அவர்களுடைய பயம். எதுவும் என்னைக் கிறிஸ்தவளாகச் செய்யாது என்று அவர் உறுதி சொன்னார். மடத்தாரின் தருமத்தில் வாழ அவர் இசையவில்லை: கப்பல் கட்டணத்துக்கு ஸ்திரீ தர்ம நீதி விற்ற பணம்; வாண்டேஜில் தங்கும் செலவுக்கு ஈடாக, இந்தியா செல்லவிருக்கும் சகோதரிகளுக்கு மராத்தி கற்பிப்பது. பூனாவைப் பிரிந்து வந்த பெண், பூனாவுக்குப் புறப்பட ஆயத்தமாகும் பெண்களுக்குப் பாஷை சொல்லிக்கொடுத்தார். எதிரெதிர்த் திசையில் செல்லவேண்டிய இரு பிரயாணிகள் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் உதவிய அந்தக் காட்சியைக் காட்டிலும் இச்சரித்திரத்தில் என் மனத்தைக் கவர்ந்தது வேறில்லை.

ஏப்ரலில் பம்பாயில் கப்பலேறியபோது அவரோடு சென்றவர்கள் இருவர்: இரண்டு வயதுக் குழந்தை மனோரமா, ஆனந்திபாய் பகத் என்ற தோழி. வழிப்பிரயாணத்தைப் பற்றியும், தாம் ஏன் புறப்பட்டோம் என்பதைப் பற்றியும், பம்பாய் பிரார்த்தனா ஸமாஜத்தைச் சேர்ந்த ஸதாசிவ பாண்டுரங்க கேல்கருக்கு ரமாபாய் மராத்தியில் எழுதிய நீண்ட கடிதம் அவ்வாண்டே சிறு புத்தகமாக வெளிவந்தது. துறைமுகத்தில் சொல்லி முடியாததைக் கப்பலிலும் அக்கரையிலும் இருந்து எழுதி முடிக்கவேண்டியிருந்தது போலும். உறவினர் இல்லாதவர், தம்மை விசாரிக்கும் சமூகத்தையே உறவாகப் பாவித்து அதற்கு எழுதிய விடைபெறு கடிதம் அது என்று கொள்ளலாம்.

வாண்டேஜ் சேர்ந்த சில மாதங்களுக்குள் ஆனந்திபாய் பகத் அந்நிய மண்ணில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். பெயரைத் தவிர அதிகம் எஞ்சாத அந்தப் பெண்ணை, புகழ்பெற்ற இருவருக்கும் இடையே நாம் மறந்துவிடலாகாது. தாங்கமுடியாத அந்த அடிக்குப் பின், 1883 செப்டம்பர் 29ஆம் தேதி, ரமாபாயும் மனோரமாவும் ஞானஸ்நானம் பெற்றார்கள். பூனாவில் அச்செய்தி இடிபோல் இறங்கிற்று. கொடுத்த வாக்கை மீறிவிட்டார் என்று நேற்றுவரை புகழ்ந்த பத்திரிகைகள் இகழ்ந்தன. அவர் காது மந்தமாகிவந்ததால் வைத்தியக் கல்வியும் கைகூடவில்லை. செல்டன்ஹாம் பெண்கள் கல்லூரியில் டொரோதியா பீல் அம்மையாரிடம் சிலகாலம் பயின்று, 1886இல், பிலடெல்பியாவில் ஆனந்திபாய் ஜோஷி பட்டம் பெறும் வைபவத்தைக் காண அமெரிக்கா சென்றார். மார்ச் 11ஆம் தேதி, பென்ஸில்வேனியா பெண்கள் வைத்தியக் கல்லூரியின் பட்டமளிப்பு விழாவில், மூன்றாண்டுகளுக்கு முன் ஒரே மாதத்தில் தாய்நாட்டைப் பிரிந்த இருவரும் சந்தித்தார்கள். ஒருவர் வாக்கைக் காத்தவர், மற்றவர் மீறியவர் என்று ஊர் பிரித்துப் பேசிய இருவரும் அங்கே உறவினராக அருகருகே இருந்தார்கள்.

வாக்கைக் காத்த ஆனந்திபாயின் முடிவு நெஞ்சை உருக்குவது. குளிர் நாட்டில் புடவையும் சைவ உணவுமாக வாழ்ந்த அவர், க்ஷயரோகத்தோடு திரும்பினார். கோல்ஹாப்பூர் ஆல்பர்ட் எட்வர்ட் ஆஸ்பத்திரியில் பெண்கள் பிரிவுக்கு வைத்தியராக நியமனம் கிடைத்திருந்தது. அப்பதவியில் அமரும் பாக்கியம் கிட்டவில்லை. 1886 நவம்பரில் கணவனோடு பம்பாயில் இறங்கினார். 1887 பிப்ரவரி 26ஆம் தேதி, பூனாவில், இருபத்திரண்டு வயது நிரம்புமுன்னரே காலமானார். ஜாதியினின்று விலக்கிவிடுவார்கள் என்று எல்லோரும் பயந்திருக்க, பூனா நகரம் அவரை மரியாதையோடு ஏற்றுக்கொண்டது. வைதிகர்களும் வந்து விசாரித்தார்கள். உடல் தகனத்துக்குத் தடை எழவில்லை. அஸ்தியைக் கோபால்ராவ் கார்ப்பென்டர் அம்மையாருக்கு அனுப்பிவைத்தார். நியூயார்க் மாகாணத்துப் பொகீப்ஸி என்னும் ஊரின் கல்லறைத் தோட்டத்தில், கார்ப்பென்டர் குடும்பத்தாரின் நிலத்தில், அது அடக்கம் செய்யப்பட்டது. கங்கையிலோ கோதாவரியிலோ கரைக்கவேண்டிய அஸ்தி மீண்டும் ஒரு முறை சமுத்திரம் கடந்தது என்பதை எண்ணும்போது, சாஸ்திர விதியும் மனித பாசமும் எதிர்ப்பட்ட அந்த இடத்தில் கோபால்ராவ் பாசத்தின் பக்கம் நின்றார் என்றே நான் கொள்ளுகிறேன். அவரிடம் நான் காணும் குறைகள் பல இருந்தும் இந்த ஒரு செயலுக்காக அவரை மதிக்கிறேன்.

இந்தக் கோபால்ராவேதான் சில வருஷங்களுக்குப்பின் பூனாவை வேறொரு விதமாகச் சோதித்தார். 1890 அக்டோபரில் பஞ்ச ஹெளத் மிஷனில் ஒரு சொற்பொழிவு. ரானடே, டிலக், கோகலே முதலிய பிரமுகர்கள் வந்திருந்தார்கள். மிஷன் சகோதரிகள் தேநீர் கொடுத்து உபசரித்தார்கள். யார் யார் வந்திருந்தார்கள் என்ற பெயர்ப்பட்டியல் கோபால்ராவின் முயற்சியால் பத்திரிகையில் வெளியாயிற்று. ஊர் இரண்டாயிற்று; வழக்கு சங்கராசாரியார் வரைக்கும் சென்று விசாரணை நடந்தது; பலர் பிராயச்சித்தம் செய்துகொள்ளும்படி நேர்ந்தது; ரானடேயும் செய்துகொண்டார். உள்ளூரில் ஒரு கோப்பைத் தேநீருக்கே இவ்வளவு நிர்ப்பந்தம் என்றால், அதற்கு ஏழு வருஷம் முன்னதாகவே கடலைக் கடந்த பெண்களின் துணிவு எத்தன்மையது என்பதை வேறு அளவுகோல் கொண்டு அளக்கவேண்டியதில்லை.

தமிழ்நாட்டிலும் இந்நிலை நெடுங்காலம் நீடித்தது. 1914 மார்ச் 17ஆம் தேதி சென்னையிலிருந்து கப்பலேறிய கணித மேதை ராமானுஜன், தம் குடுமி நீக்கப்படுவதைத் தாயும் மனைவியும் காணச் சகியார் என்று அவர்களை முன்னதாகவே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். கரையில் நின்றவர்கள் நண்பர்களும் உத்தியோகஸ்தர்களும்தாம். அவருக்கு முன் 1893 மே 31ஆம் தேதி, பம்பாயிலிருந்து புறப்பட்ட சுவாமி விவேகானந்தரை, சென்னையிலிருந்து சென்று கப்பல் வரைக்கும் வழியனுப்பியவர் அழகசிங்கப் பெருமாள். வீடு வீடாகச் சென்று அந்தப் பிரயாணத்துக்கு நிதி திரட்டிய பள்ளி ஆசிரியர் அவர். துறவியிடம் ஊரார் நிபந்தனை கேட்கவில்லை. இல்லறத்துப் பெண்ணிடம் கேட்டார்கள். விதவையிடம் இன்னும் அதிகமாகக் கேட்டார்கள்.

ரமாபாய் 1889இல் திரும்பிவந்து மார்ச் 11ஆம் தேதி பம்பாயில் சாரதா ஸதனம் என்ற விதவையர் இல்லத்தைத் திறந்தார்; அடுத்த ஆண்டு நவம்பரில் அது பூனாவுக்கு மாற்றப்பட்டது. அங்கே பயின்ற கோதுபாய் என்ற இளம் விதவையைத்தான் 1893இல் பேராசிரியர் கார்வே மறுமணம் செய்துகொண்டார். ஆனால் அவ்வாண்டிலேயே, இல்லத்துப் பெண்களைக் கிறிஸ்தவத்துக்கு ஈர்க்கிறார் என்ற குற்றச்சாட்டு எழுந்து, டிலக்கின் கேஸரிப் பத்திரிகை கண்டித்து எழுத, ரானடேயும் பண்டார்கரும் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார்கள். பெண்களைப் பலர் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். பூனா அவரிடமிருந்து இரண்டாம் முறை பிரிந்தது. பிறகு 1896இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் வந்தபோது, தாமே அங்கு சென்று, தம் பெற்றோரைத் தின்ற அதே பசியின் வாயிலிருந்து நூற்றுக்கணக்கான பெண்களையும் குழந்தைகளையும் மீட்டு, பூனாவுக்குக் கிழக்கே ரயில்பாதை ஓரத்திலுள்ள கேட்காவில் முக்தி இல்லத்தை நிலைநாட்டினார். நூற்றாண்டு திரும்புகையில் அங்கே ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வாழ்ந்தார்கள். அவர்களுக்குப் பணிசெய்ய இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலிருந்து பெண்கள் தம் வீடுகளை விட்டுவிட்டு வந்தார்கள். பூனாவிலிருந்து தனியே சென்ற ஒருத்தியினிடத்துக்கு, உலகத்தின் பல கரைகளிலிருந்து பலர் விடைபெற்று வந்து சேர்ந்தார்கள்.

தம் சொந்த வாழ்விலே அவர் மகளைப் பிரிந்தது பலமுறை. அமெரிக்காவில் தங்கி இந்திய விதவையருக்காக நிதி திரட்டிய நாட்களில் குழந்தையை வாண்டேஜ் மடத்துச் சகோதரிகளிடமே திருப்பி அனுப்பிவைத்தார். பிற்பாடு மனோரமா இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கல்வி பயின்று திரும்பித் தாய்க்கு வலக்கரமாக விளங்கினாள். 1921 ஜூலையில் மனோரமா இறந்தாள். அடுத்த ஏப்ரல் 5ஆம் தேதி, பைபிளை எளிய மராத்தியில் மொழிபெயர்த்து முடித்த நிலையில், ரமாபாய் காலமானார்.

இத்தனையையும் நாம் அறிவது கடிதங்களால். ஆனந்திபாய் கணவனுக்கும் கார்ப்பென்டர் அம்மையாருக்கும் எழுதியவை, கோபால்ராவ் கடுஞ்சொல்லும் அன்புமாக அவருக்கு எழுதியவை ஆகியவற்றை ஆதாரமாகக் கொண்டு காசிபாய் கனித்கர் என்ற பெண்மணி, ஆனந்திபாய் மறைந்த சில ஆண்டுகளுக்குள் மராத்தியில் அவருடைய சரித்திரத்தை எழுதினார். அதற்குச் சற்று முன்னதாக 1888இல் கரோலின் டால் என்ற அமெரிக்க மாது ஆங்கிலத்தில் ஒன்று எழுதினார். ரமாபாயின் கடிதங்களைப் பாதுகாத்தவரோ வாண்டேஜ் மடத்துச் சகோதரி ஜெரால்டின். பிறந்த வீட்டில் எவரும் மிஞ்சாத ரமாபாய், அந்த ஆங்கிலத் துறவியை ஆஜிபாய், அதாவது பாட்டி என்று அழைத்து எழுதினார். அன்பு மாத்திரம் நிறைந்த கடிதங்களல்ல அவை. முட்டை கலந்த பலகாரத்தை உண்ண மறுப்பது ஜாதிக் கர்வத்தின் எச்சம் என்று பாட்டி கடிந்துகொள்வதும், என் நாட்டு ஆகாரத்தை நான் விடமாட்டேன், என் மனச்சாட்சியைப் பாதிரிமார் கையில் ஒப்படைக்கவும் மாட்டேன் என்று பேத்தி மறுப்பதும் அவற்றில் உண்டு. பூனாவில் ஹிந்துக்கள் கேட்ட நிபந்தனையைப் போலவே வாண்டேஜில் கிறிஸ்தவர்களும் ஒரு நிபந்தனை கேட்டார்கள். இருவருக்கும் அவர் தந்த மறுமொழி ஒரே தன்மையது. தம்மோடு மாறுபட்ட கடிதங்களையும் கிழித்தெறியாமல் ஜெரால்டின் சேர்த்துவைத்தார். அந்தத் தொகுப்பை ஏ. பி. ஷா பதிப்பிக்க, மகாராஷ்டிர அரசின் இலக்கியப் பண்பாட்டு வாரியம் 1977இல் பம்பாயில் அச்சிட்டு வெளியிட்டது.